வண்டிக்கு ஒரு கணக்கு, என்ஜினுக்கு ஒரு கணக்கு

நாமக்கல் மாவட்டத்தில், அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மிளகு மூட்டையோ அன்னாசியோ பலாவோ ஏற்றிக்கொண்டு இந்தப் பாதையில் வருடக்கணக்கில் உழைத்த பழைய ஜீப்புக்கு ஒருநாள் என்ஜின் போய்விடும். பாடியும் சேஸியும் நன்றாக இருந்தால் யாரும் வண்டியைத் தூக்கிப் போடுவதில்லை. வேறு என்ஜினை வாங்கி வைப்பார்கள்.

குழப்பம் அன்றைக்கே ஆரம்பித்துவிடும். மீட்டரில் ஓடும் எண் வண்டியின் கணக்கு. புதிதாக வந்த என்ஜின் எவ்வளவு ஓடியது என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. ஆயில் எப்போது மாற்ற வேண்டும், டைமிங் வேலை எப்போது வரும், விற்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் என்ஜினின் கணக்கில்தான் இருக்கிறது. அதை எழுதி வைக்க ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

1. மாற்றிய நாளைப் பதிவு செய்யுங்கள்

என்ஜின் இறங்கி ஏறிய அன்றே, பட்டறையை விட்டு வண்டி வெளியே வருவதற்கு முன், மீட்டரைப் படம் எடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் தேதி, மீட்டர் எண், பழைய என்ஜின் எண், புதிய என்ஜின் எண் நான்கையும் எழுதுங்கள். பட்டறை ரசீதிலும் இவை இருக்கட்டும்.

வாங்கியது ஓடிய என்ஜின் என்றால், விற்றவர் சொன்ன கிலோமீட்டரைத் தனியாக எழுதி, பக்கத்தில் ‘சொன்னது’ என்று குறியுங்கள். அதை மெய்க்கணக்கோடு கூட்டாதீர்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் மெக்கானிக்கை அளக்கச் சொல்லி, ‘பார்த்தது’ என்று எழுதுங்கள். அடுத்த வருடம் அதே அளவை எடுத்து ஒப்பிட்டால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும்.

மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சேஸி, ஸ்பிரிங், ஸ்டீயரிங், ஆக்சில் எல்லாம் பழைய கிலோமீட்டரைச் சுமந்தவை. 70 வளைவு இறங்கும் வண்டியில் அந்த வயதை மறைப்பது, நாளைக்கு அதில் உட்காரப் போகிறவருக்குச் செய்யும் துரோகம்.

2. ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுங்கள்

என்ஜின் எண் ஆர்.சி.யில் பதிவான விவரம். அது மாறினால், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். முன் அனுமதி வாங்கிவிட்டுச் செய்வதே நல்லது. அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தகவல் கொடுக்கச் சொல்கிறது சட்டம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள். எண் ஒத்துப்போகாத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும்.

3. மீட்டர் சொல்வது சரியா என்று பாருங்கள்

பழைய ஜீப்பில் மீட்டர் கேபிள் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. அதனால் என்ஜினை மட்டும் மாற்றினால் மீட்டர் கணக்கு மாறாது. கூடவே டிரான்ஸ்ஃபர் கேஸோ, ஆக்சிலின் பல் கணக்கோ, டயர் அளவோ மாறியிருந்தால் மாறிவிடும்.

இதை மலையில் சோதிக்க வேண்டாம். போனின் ஜி.பி.எஸ். இடைவெளி விட்டுவிட்டுப் புள்ளி வைப்பதால், கொண்டை ஊசி வளைவில் சாலையைக் குறுக்கே வெட்டித் தூரத்தைக் குறைத்துக் காட்டும். நாமக்கல் வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், கிலோமீட்டர் கல்லைப் பார்த்து 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மீட்டர் 19 காட்டினால், இனி மீட்டர் கணக்கை 20-ஆல் பெருக்கி 19-ஆல் வகுக்க வேண்டும். பெரிய டயர் போட்ட ஜீப்பில் இந்த அளவுக்கு வித்தியாசம் வரலாம்.

4. கழித்துப் பாருங்கள்

என்ஜின் ஓடிய தூரம் என்பது இன்றைய மீட்டர் எண்ணிலிருந்து மாற்றிய நாளின் எண்ணைக் கழித்தால் வருவது. பழைய மீட்டர்களில் ஐந்து இலக்கம்தான். 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். மாற்றிய நாளில் 96,400, இன்று 02,150 என்றால், இன்றைய எண்ணை 1,02,150 என்று எடுத்துக்கொண்டு கழிக்க வேண்டும். விடை 5,750. மேலே சொன்ன திருத்தத்தையும் செய்தால் என்ஜின் ஓடியது சுமார் 6,050 கிலோமீட்டர். ஆயில் மாற்றும் கெடுவை இந்த எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

5. மணிக்கணக்கையும் சேருங்கள்

கிலோமீட்டர் மட்டும் மலை வண்டியின் உழைப்பைச் சொல்லாது. டாப் கியரில் போகும் ஒரு கிலோமீட்டரைவிட, இரண்டாம் கியரில் ஏறும் ஒரு கிலோமீட்டருக்கு என்ஜின் இரண்டு மடங்குக்கு மேல் சுற்றுகிறது. முதல் கியரில் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரே நாமக்கல் மாவட்டத்தில், லாரிக்காரர்கள் சர்வீஸைக் கிலோமீட்டரில் பார்க்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் மணியில் பார்க்கிறார்கள். மலை ஜீப் இரண்டு பேருக்கும் சொந்தம். டிராக்டரில் இருப்பது போன்ற ஒரு மணி மீட்டரை, என்ஜின் ஓடும்போது மட்டும் நகரும்படி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியே இணைத்துவிடுங்கள். என்ஜின் ஏறிய நாளிலேயே இணைத்தால் அதன் எண் முழுக்க முழுக்க இந்த என்ஜினுடையது.

6. மைலேஜைப் போய் வந்து பாருங்கள்

லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதுதான் நம் பேச்சில் மைலேஜ். ஏறும்போது மட்டும் பார்த்தால் மனம் உடையும். இறங்கும்போது மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். சரக்கோடு 2 டன் வரும் ஜீப்பை 1,000 மீட்டர் உயரம் தூக்கவே சுமார் 2 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 3.6 கோடி, அதில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் சக்கரத்துக்கு வந்து சேரும். ஆக, உயரத்துக்கு மட்டுமே 2 லிட்டர் போகிறது.

எனவே அடிவாரத்துப் பக்கம் ஒரே பங்கில், ஒரே பம்பில், வண்டி சமமாக நிற்கும்போது டேங்கை நிரப்புங்கள். மேலே போய்த் திரும்பி அதே இடத்தில் மறுபடி நிரப்புங்கள். மீட்டரில் 90 ஓடியிருந்தால் திருத்திய தூரம் 94.7, பிடித்தது 9.5 லிட்டர் என்றால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 10. சரக்கின் எடையையும் பக்கத்தில் எழுதுங்கள். நல்ல எண் வர வேண்டும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடவே கூடாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் எந்தக் கணக்கும் உதவாது.

7. ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி

தேதி, மீட்டர், மணி, டீசல், சரக்கு, ஊற்றிய ஆயில், ஊற்றிய தண்ணீர் என ஏழு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்பதை விடாமல் கவனியுங்கள். அந்த அளவு மாதாமாதம் ஏறினால், புகை தெரிவதற்கு முன்பே பிஸ்டன் ரிங் தேய்வதை நோட்டு சொல்லிவிடும். தண்ணீர் குறைவது ஹெட் கேஸ்கெட்டின் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். மலைமேல் இருக்கும் சோளக்காட்டைத் தாண்டி வண்டி நின்றபின் தெரிந்துகொள்வதைவிட, காரவள்ளியில் நிற்கும்போதே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

வண்டியை விற்கும் நாள் வந்தால், கடைசிப் பக்கத்தில் மூன்று எண்களையும் எழுதுங்கள்: வண்டி ஓடியது, என்ஜின் ஓடியது, என்ஜின் உழைத்த மணி. சாவியோடு நோட்டையும் கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் அடுத்த வரியை அதற்குக் கீழே எழுதட்டும்.