மருந்தகவியலும் முதல் தெரிவாகட்டும்

உயர்தரத்தில் பயோ எடுத்த கரவெட்டிப் பிள்ளையிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால், ‘மெடிசின்’ என்றுதான் பதில் வரும். பெறுபேறு வந்து, மருத்துவ பீட வெட்டுப்புள்ளி கைநழுவிய பிறகே வீட்டில் மருந்தகவியல் பற்றிப் பேச்செடுக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே நான்கு ஆண்டுப் பட்டமாக உள்ள துறையை ஆறுதல் பரிசாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அப்படிப் போகிற பிள்ளை ஆயத்தமில்லாமலே போகிறது.

முதலில் ஆயத்தமாக வேண்டியது இரசாயனவியலில். சேதன இரசாயனத்தைக் கடந்தகால வினாத்தாளுக்காக மட்டும் மனனம் செய்தவர்கள், ஒரு மருந்து வயிற்று அமிலத்தில் ஏன் சிதைகிறது என்ற கேள்வியில் திணறுவார்கள்.

அடுத்தது கணக்கு. 12 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பரசிற்றமோல் என்றால் 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் அது ஏழரை மில்லிலீற்றர். அதே மருந்து, ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் கொண்ட சொட்டு மருந்தாகவும் வருகிறது. அதில் 1.8 மில்லிலீற்றரே போதும். போத்தல் மாறி ஏழரை மில்லிலீற்றர் கொடுத்தால் 750 மில்லிகிராம் உள்ளே போய்விடும், நாலு மடங்குக்கும் மேல். தாயின் கையில் மருந்து சேருமுன் இந்தப் பிழையைப் பிடிக்கக்கூடிய கடைசி ஆள் மருந்தாளர்தான்.

மூன்றாவது மொழி. பள்ளியில் தமிழில் படித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரைக்குள் போகிறார்கள். அதற்காகத் தமிழில் படித்ததைக் குறையாக எண்ண வேண்டாம். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தவர். தமிழில் விளங்கியதை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகுவதை உயர்தர வகுப்பிலேயே தொடங்கினால் முதலாம் வருடம் பயமுறுத்தாது.

அந்தத் தமிழ்தான் பிறகு நோயாளிக்கும் உதவும். மந்திகை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஒரு குளிசை, தனியார் பார்மசியில் வேறு பெயரில் இன்னொன்று. இரண்டும் ஒரே நீரிழிவு மருந்து என்பது தெரியாமல் இரண்டையும் விழுங்கும் முதியவர்கள் உண்டு. அவர்களுக்கு அதைத் தமிழில் விளக்க வேண்டியவர் மருந்தாளர். வணிகப் பெயர்கள் வேறுபடுவதால் வரும் குழப்பம் இது. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளை வணிகப் பெயரில் அல்லாமல் பொதுப்பெயரில் வாங்கவும் எழுதவும் வேண்டுமென வாதாடினார். மருந்தகவியல் படிக்க வருகிறவர்கள் அவரைப் பற்றி அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் போகும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கிறார்களே, அந்தக் காலத்தை வீணாக்க வேண்டாம். வீட்டில் அம்மம்மா பாவிக்கும் குளிசை அட்டைகளைத் திருப்பி, வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரை வாசித்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த மருந்து எதற்கென்று, அறிமுகமான மருந்தாளர் ஒருவரிடம் கேளுங்கள்.