மஞ்சளும் புற்றுநோயும்: கடைக்காரர் எதைச் சொல்லலாம்?

"மஞ்சள் தூள் சாப்பிட்டால் கேன்சர் போய்விடுமாமே அண்ணாச்சி, உண்மையா?" என்று கடையில் கேட்காதவர்கள் இப்போது குறைவு. நமது உறுப்பினர்களில் சிலர் "ஆமாம்" என்று சொல்லிக் கால் கிலோவுக்குப் பதிலாக ஒரு கிலோ கட்டிக் கொடுக்கிறார்கள். வேறு சிலர் "எல்லாம் புரளி" என்கிறார்கள். இரண்டுமே சரியல்ல. நான் பள்ளிப் படிப்போடு நின்று மஞ்சள் மொத்த வியாபாரத்துக்கு வந்தவன். டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை வணிக நண்பர்களுக்கு எழுதுகிறேன்.

நம் உடம்பின் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பேரேடுதான் இருக்கிறது. மரபணுக்கள் அதன் பக்கங்கள். ஈரல் செல்லுக்கும் தோல் செல்லுக்கும் வித்தியாசம், எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்பதில்தான். புற்றுநோய்ச் செல்லில் சில பக்கங்களின் எழுத்தே பிழையாகிவிடுகிறது. அது மட்டுமல்ல, மூட வேண்டிய பக்கம் திறந்தே கிடக்கிறது. 'போதும், நிறுத்து' என்று சொல்லும் பக்கம் ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது. செல் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது.

மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின். சாதாரண விரலி மஞ்சளில் இது 100-க்கு 3 பங்கு அளவில் இருக்கும். மேகாலயாவின் லகடாங் ரகத்தில் 7 வரை போகும். அந்தச் சரக்கின் விலைக்குக் காரணமும் அதுவே. 1995-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் குர்குமினைச் சேர்த்துப் பார்த்தார்கள். என்.எஃப். கப்பா-பி என்று ஒரு புரதம் உண்டு. சாதாரணமாக இது உட்கருவுக்கு வெளியே, இன்னொரு புரதத்தின் பிடியில் கட்டுண்டு கிடக்கும். ஆபத்துச் செய்தி வந்தால் பிடி சிதைந்துவிடும். உடனே இது உட்கருவுக்குள் போய், அழற்சிக்கும் செல் சாகாமல் இருப்பதற்கும் உரிய பக்கங்களைத் திறந்துவிடும். பல வகைப் புற்றுநோய்களில் இது ஓயாமல் உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கிறது. குர்குமின் அந்தப் பிடி சிதையாமல் தடுப்பதாகக் கண்டார்கள். அதே ஆய்வகத்தின் வேறு பல கட்டுரைகளை ஆய்விதழ்கள் பின்னாளில் திரும்பப் பெற்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இதைப் போன்ற விளைவைப் பிற ஆய்வகங்களும் கண்டிருக்கின்றன. ஆகவே புரளி என்று தள்ளுவதற்கில்லை.

சிக்கல் வயிற்றில் ஆரம்பிக்கிறது. ஆய்வுக்கூடத் தட்டில் குர்குமின் நேரே செல் மீது படுகிறது. சாப்பிட்டால் அப்படியல்ல. அது தண்ணீரில் கரையாது. குடலிலும் ஈரலிலும் சீக்கிரமே உருமாறி வெளியேறிவிடுகிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியே சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அது தென்படுவதே அரிதாக இருந்தது. மிளகின் காரச்சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் 20 மடங்கு ஏறியது. மிளகுக்காரர்கள் சந்தோஷப்படலாம்! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 கிராம் குர்குமினுக்கு 65 கிராமுக்கும் மேல் மஞ்சள் தூள் வேண்டும். குழம்புக்கு நாம் போடுவதோ ஒரு சிட்டிகை. மனிதர்களிடம் நடந்த 120-க்கு மேற்பட்ட குர்குமின் சோதனைகளைப் பரிசீலித்த அமெரிக்க வேதியியலாளர்கள், போலி மருந்தோடு முறைப்படி ஒப்பிட்ட சோதனை எதுவும் வெற்றி பெறவில்லை என்று 2017-இல் எழுதினார்கள்.

எனவே கேட்பவரிடம், "சமையலுக்கு நல்லது, நோய்க்கு டாக்டரைப் பாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். நம் பேச்சை நம்பி ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டால், அந்தத் தாமதத்தில் நோய் முற்றிவிடும். சிகிச்சையில் இருப்பவர் குர்குமின், பைப்பரின் மாத்திரை கேட்டால், டாக்டரின் அனுமதி இல்லாமல் கொடுக்காதீர்கள். பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடக் கூடியது. பாக்கெட்டிலோ போர்டிலோ 'புற்றுநோயைக் குணமாக்கும்' என்று எழுதுவது 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டத்தின்படி குற்றம். தவறான விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

நம் கையில் உள்ள வேலை வேறு ஒன்று இருக்கிறது. நிறம் தூக்கிக் காட்டுவதற்காக மஞ்சளில் லெட் குரோமேட் சேர்க்கும் அக்கிரமம் நடக்கிறது. அதில் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். குரோமியமோ புற்றுநோயை உண்டாக்குவது என்று நிரூபணமானது. நோய்க்குத் தடுப்பு என்று வாங்குகிறவருக்கு நோயையே பொட்டலம் கட்டிக் கொடுப்பதா? வங்காளதேசத்தில் 2019-இல் சந்தை மாதிரிகளில் 100-க்கு 47-இல் ஈயம் இருந்தது. மொத்த மார்க்கெட்டில் திடீர்ச் சோதனை, அபராதம், எச்சரிக்கை நோட்டீஸ் என்று இறங்கினார்கள். 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. கொள்முதலின்போது, கையில் தேய்த்தால் கண்ணைப் பறிக்கிற மஞ்சளாக ஒட்டும் மெருகு விரலியைக் கண்டால், மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே மூட்டையை இறக்குங்கள்.