டிரில்லிங் மெஷின்: பெல்ட் மாற்றுவதா, வேரியபிள் ஸ்பீடா?

மளிகைக் கடையை நடத்திக்கொண்டே, பக்கத்து ஷட்டரில் மகனுக்கு ஒரு வெல்டிங் பட்டறை வைத்துத் தர நினைக்கும் வணிகர்கள் நம்மிடையே உண்டு. சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிரெய்லர், டிராக்டர் கலப்பை, பம்புசெட் பிளேட் என்று நம் பகுதியில் இரும்பில் துளை போடும் வேலைக்குக் குறைவில்லை. ஆனால், டிரில்லிங் மெஷினைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் முடங்குவது நம் கைமுதல். எனவே, வாங்குமுன் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

வேகம் ஏன் மாற வேண்டும்?

பிட் பெரிதாக ஆக வேகம் குறைய வேண்டும். சாதா இரும்புக்கு எச்.எஸ்.எஸ். பிட் போட்டால் எளிய கணக்கு ஒன்று உண்டு: 8000-ஐ பிட்டின் மில்லிமீட்டர் அளவால் வகுக்க வேண்டும். 6 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1300 சுற்று, 12 மி.மீ. என்றால் 670, 20 மி.மீ. என்றால் 400. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இதில் பாதி போதும். வேகம் மீறினால் பிட் சிவந்து முனை மழுங்கிவிடும்.

பெல்ட் மெஷின்

மாவு மில்லைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மோட்டாரில் சின்ன புல்லி, மறுபுறம் பெரிய புல்லி. வேகம் பாதியாகும்போது இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பெரிய துளைக்கு இந்த இழுவையே தேவை. பெல்ட் அறுந்தாலும் சாதாரண வி-பெல்ட் எளிதில் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, மூடியைத் திறந்து பெல்ட்டை மாற்ற வேண்டும் என்பதே குறை. மெஷின் ஓடும்போது பெல்ட்டில் கை வைப்பது விரலுக்கே ஆபத்து.

வேரியபிள் ஸ்பீடு

வி.எஃப்.டி. என்னும் மின்னணுக் கருவியில் குமிழைத் திருப்பினால் வேகம் மாறும். நேரம் மிச்சம். ஆனால், இது மோட்டாரையே மெதுவாக ஓட்டுகிறது. புல்லி தருவதுபோல் இழுவையைக் கூட்டித் தருவதில்லை. மிகக் குறைந்த வேகத்தில் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடேறும். பெரிய துளையில் பிட் சிக்கி நின்றுவிடலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாதாரண வி.எஃப்.டி. மூன்று பேஸ் மோட்டாருக்கே பொருந்தும். கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு உதவாது. சிங்கிள் பேஸ் லைனிலிருந்து மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டித்தரும் வி.எஃப்.டி.யும் உண்டு. எனவே பில் போடுமுன் மோட்டார் எது, கடையின் மின் இணைப்பு எது என்று இரண்டையும் கேட்டறிய வேண்டும்.

எதை வாங்கலாம்?

நாள் முழுவதும் ஒன்றிரண்டு அளவில் மட்டும் துளை போடும் பட்டறைக்குப் பெல்ட் மெஷினே போதும். மணிக்கொரு அளவு, இரும்பு, அலுமினியம், மரம் என்று மாறி மாறி வேலை வருகிறதென்றால் வேரியபிள் ஸ்பீடு பயன் தரும். அதிலும் ஸ்டெப் புல்லி சேர்ந்தே இருக்கும் மெஷினாகப் பார்த்து வாங்குவது உத்தமம். பெரிய துளைக்குப் பெல்ட்டை இறக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

தொழிலுக்காக வாங்கும் மெஷினுக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.யை வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள் விதிகளின்படி உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது இல்லை. அவர்களுக்கு வரியும் விலையோடு சேர்ந்த முதலே. விலை ஒப்பிடும்போது இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதம் வரும் வேலைகளின் துளை அளவுகளை நோட்டில் குறித்து வையுங்கள். எந்த மெஷின் தேவை என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.