எல்லை தாண்டும் கேள்விகள்

நாம் மூன்று வருஷம் முட்டி மோதி வாங்கப் போகிற டிப்ளமா மாதிரி ஒரு காகிதம் அசலா, போலியா என்று மொழி தெரியாத வெளிநாட்டு அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்? ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள், 24 ஆட்சி மொழிகள். ஒரு நாட்டு எலக்ட்ரீஷியனோ நர்ஸோ இன்னொரு நாட்டில் போய்த் தொழில் செய்யலாம். ஆனால் அவருக்கு லைசென்ஸ் கொடுத்த அதிகாரியின் அதிகாரம் எல்லையோடு நின்றுவிடுகிறது. சந்தேகம் வந்தால் கடிதம் போடணும். எந்த ஆபீசுக்கு, எந்த மொழியில்? இதற்காக 2008-ல் நடைமுறைக்கு வந்ததுதான் உள்சந்தைத் தகவல் அமைப்பு, சுருக்கமாக ஐ.எம்.ஐ.

போர்ச்சுகல் அதிகாரி கம்ப்யூட்டரில் தன் மொழியில் உள்ள ரெடிமேட் கேள்விப் பட்டியலிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுப்பார். போலந்து அதிகாரி திறந்தால் அதே கேள்வி போலிஷ் மொழியில் நிற்கும்! கேள்விகளை முன்கூட்டியே எல்லா மொழியிலும் பெயர்த்து வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் சூட்சுமம். பதில் சொல்வதும் தயவு தாட்சண்யம் இல்லை. கட்டிட வேலை போன்ற சேவைகளுக்கு, 2006-ல் வந்த சேவைகள் ஆணை அதைக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

என் அப்பா கொத்தனார். இதைச் சொன்னபோது, "காகிதம் இல்லாதவன் என்னடா பண்ணுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த ஏற்பாடு காகிதத்தைத்தான் விசாரிக்கும், கைவேலையை அல்ல.

2016 ஜனவரியிலிருந்து எச்சரிக்கை முறையும் உண்டு. ஒரு நாட்டில் டாக்டருக்கோ நர்ஸுக்கோ தொழில் செய்யத் தடை விழுந்தால், 3 நாளுக்குள் மற்ற நாடுகளுக்கெல்லாம் தெரிவித்தாக வேண்டும். அங்கே தடை, இங்கே ஆஸ்பத்திரியில் வேலை என்று ஏமாற்ற முடியாது. போலிச் சான்றிதழ் என்று கோர்ட் தீர்ப்புச் சொன்னாலும் அப்படியே.

எனக்கு ஒரு பயம் வந்தது. தப்பான தகவல் போய்விட்டால் அந்த ஆளின் பிழைப்பு ஒரே நேரத்தில் 27 நாட்டிலும் போச்சே! அதையும் யோசித்திருக்கிறார்கள். எச்சரிக்கை போகும்போதே சம்பந்தப்பட்டவருக்கும் எழுத்தில் சொல்லணும். அவர் அப்பீல் செய்யலாம். செய்தால் அந்த விவரமும் எச்சரிக்கையோடு சேரும். தடை நீங்கினால் 3 நாளுக்குள் அழித்துவிட வேண்டும். போடுவதற்கும் 3 நாள், எடுப்பதற்கும் 3 நாள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விதி இதுதான்.