கட்டத்துக்குள் கட்டம் – 9: 25 தாளும் 24,000 அட்டையும்

இந்த வாரம் நூல் நிறங்கள் என்று சொல்லியிருந்தேன். கிராஸ் தையலுக்கான 14 கவுண்ட் அய்டா துணியில் அங்குலத்துக்கு 14 கட்டம் என்பதுவரை வந்திருக்கிறோம். நிறத்துக்கு முன்னால் பேட்டர்ன் தாள்களின் பஞ்சாயத்தைத் தீர்த்தாக வேண்டும்.

அகலத்தில் 300, உயரத்தில் 400 கட்டம் கொண்ட ஒரு முருகன் படம். மொத்தம் 1,20,000 கிராஸ் தையல். துணியில் ஏறி முடிந்தால் ஏறத்தாழ 21½ அங்குல அகலம், 28½ அங்குல உயரம். ஒரு பெரிய காலண்டர் அளவு. ஆனால் தாளுக்கு 60-க்கு 80 கட்டம் என்று அச்சடித்தால் 25 தாள் வந்து நிற்கும்.

தப்பு பெரும்பாலும் தாளின் நடுவில் நடப்பதில்லை. ஒரு தாள் முடிந்து அடுத்தது தொடங்கும் ஓரத்தில்தான் நடக்கும். ஒரே ஒரு கட்டம் தள்ளிப் போனாலும் வேல் இரண்டாக ஒடிந்து தெரியும். அதனால்தான் நல்ல பேட்டர்ன்களில் முந்தின தாளின் கடைசி ஒன்றிரண்டு வரிகளை அடுத்த தாளின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் திரும்ப அச்சடிக்கிறார்கள். அது அடையாளத்துக்கு மட்டும். அதையும் சேர்த்துத் தைத்தால் முருகன் பருத்துவிடுவார்.

இந்தத் தலைவலி ஜக்கார்டு சேலை நெய்யும் வெண்ணந்தூர்த் தறிக்காரர்களுக்கு ஏன் இல்லை? வாரம் முழுக்க என்னைப் பிடித்தாட்டியது இந்தக் கேள்விதான். மயிலையும் மாங்காயையும் கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டுத்தான் ஜக்கார்டு வேலையும் தொடங்குகிறது. குறுக்கே ஒரு கட்டம் ஒரு கொக்கிக்கு, மேலே ஒரு கட்டம் ஓர் ஊடைக்கு. ஆனால் நெய்யும்போது அந்தத் தாளை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளையாக அடித்து, எண் போட்டு, கயிற்றில் கோத்து, தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். துளை இருக்கும் இடத்தில் கொக்கி எழுந்து பாவு இழையைத் தூக்கும். இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும்.

யோசித்தால், அட்டை என்பது ஒரே வரி கொண்ட தாள். டிசைனின் இடது ஓரம் முதல் வலது ஓரம் வரை அந்த வரி முழுசாக அதில் இருக்கிறது. பக்கவாட்டில் ஒட்டே கிடையாது! நம் தாள்களோ படத்தைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிப் போடுகின்றன.

"கோத்த வரிசை மாறுனாத்தானுங்க வம்பு. மயிலுக்குக் கழுத்துல கொண்டை மொளைச்சிரும்" என்றார் ஒரு தறிக்காரர். இப்போது கம்ப்யூட்டர் ஜக்கார்டு வந்த தறிகளில் கோப்பதற்கு அட்டையும் இல்லை.

சேலைப் புட்டாவுக்கு அட்டை குறைவாகவே போதும். சங்கிலி ஒரு சுற்று வந்து முதல் அட்டையைத் தொட்டால் அடுத்த மயில் தொடங்கிவிடும். மனித முகம் அப்படித் திரும்ப வராது. 1839-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் இந்தப் பெட்டிக்குப் பெயர் தந்த ஜக்கார்டின் உருவத்தையே கருப்பு வெள்ளைப் பட்டில் நெய்தார்கள். அதற்கு ஆன அட்டை 24,000! லண்டனில் கணித மேதை சார்லஸ் பாபேஜ் அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டியிருந்தார். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவே அதை அச்சுப்படம் என்று ஏமாந்தார். கூட வந்த ஆல்பர்ட் இளவரசர் திருத்தினார். பாபேஜ் திட்டமிட்ட கணக்குப்போடும் இயந்திரத்துக்கும் ஆணையிடத் துளை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார்.

வரியை ஓரம் முதல் ஓரம் வரை வெட்டாமல் வைக்கும் உத்தியை நாமும் தறியிடம் கடன் வாங்கலாம். படத்தின் அகலத்துக்கு வரும் ஐந்து தாளையும் சாம்பல் வரிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஒட்டுங்கள். பேட்டர்னில் 10 கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். அதேபோல் துணியிலும் தண்ணீரில் போகும் பேனாவால் கோடு போடுங்கள். (அலசுவதற்கு முன் இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் சில மை நிலைத்துவிடும்.) பிறகு 10 வரி கொண்ட பட்டையாக, இடமிருந்து வலமாகத் தைத்துக்கொண்டு போங்கள். ஒரு நிறம் நின்றால் நூலை வெட்டாமல், அது அடுத்து வரவேண்டிய கட்டத்தில் ஊசியோடு தொங்கவிடுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். முகத்துக்கு 60 நிறம் என்றால் 60 ஊசி தொங்கும். அந்த 60-இல் எத்தனையைக் குறைக்கலாம் என்பது அடுத்த வாரம். அதுவரை நூல் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.