கன்பூசியஸ் நிறுவனம்

கன்பூசியஸ் நிறுவனம் என்பது சீன மொழியையும் பண்பாட்டையும் பிற நாடுகளில் பரப்புவதற்காகச் சீன அரசின் ஆதரவுடன் 2004 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கல்வி அமைப்பு ஆகும். பண்டைய சீனச் சிந்தனையாளரான கன்பூசியசின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. முதல் நிறுவனம் தென்கொரியத் தலைநகர் சியோலில் திறக்கப்பட்டது. 2010களின் இறுதியில் உலகெங்கும் 500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இயங்கின.

பின்னணி

படைவலிமையாலோ பொருளாலோ பணிய வைக்காமல், ஈர்ப்பினால் பிறரை இணங்கச் செய்யும் ஆற்றல் மென்வலு எனப்படும். இக்கருத்தை அமெரிக்க அரசறிவியலாளர் ஜோசப் நை 1990 இல் முன்வைத்தார். 2007 இல் சீனப் பொதுவுடைமைக் கட்சியின் 17 ஆவது மாநாட்டில், பண்பாட்டை நாட்டின் மென்வலுவாக வளர்க்க வேண்டும் என ஹூ சிந்தாவ் வலியுறுத்தினார். பிரான்சின் அலியான்ஸ் பிரான்சேஸ் (1883), பிரித்தானியாவின் பிரிட்டிஷ் கவுன்சில் (1934), செருமனியின் கோதே நிறுவனம் (1951) ஆகியவை இவ்வகையில் முன்னோடிகள்.

அமைப்பு

முன்னோடி அமைப்புகள் பொதுவாகத் தனி மையங்களாக இயங்குபவை. கன்பூசியஸ் நிறுவனங்களோ பெரும்பாலும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு உள்ளேயே அமைக்கப்பட்டன. சீனக் கல்வி அமைச்சின் கீழிருந்த ஹான்பன் என்னும் அலுவலகம் நிதி, ஆசிரியர்கள், பாடநூல்கள் ஆகியவற்றை வழங்கியது. இடவசதியை ஏற்கும் பல்கலைக்கழகம் அளித்தது. மொழி வகுப்புகளுடன் சீன எழுத்தணிக் கலை, தாய் சி போன்றவையும் கற்பிக்கப்படுகின்றன. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய நிறுவனம் அமைந்தது.

விமர்சனங்கள்

பல்கலைக்கழகத்தினுள் அமைந்தமையே சர்ச்சைக்கும் காரணமாயிற்று. ஆசிரியர் தேர்விலும் பாடத்திட்டத்திலும் அயல் அரசொன்று பங்கு கொள்வது கல்விச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்றும், திபெத்து, தைவான், தியனன்மென் போன்ற பொருள்கள் பேசப்படாமல் தவிர்க்கப்படும் என்றும் விமர்சகர்கள் கூறினர். ஃபாலுன் கோங் இயக்கத்தினர் பணியமர்த்தப்படாமை குறித்த சிக்கலால் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2013 இல் தன் நிறுவனத்தை மூடியது. 2014 இல் சிக்காகோ பல்கலைக்கழகம் உடன்படிக்கையைப் புதுப்பிக்கவில்லை. மறுபுறம், தலையீடு ஏதும் இல்லை என்றும், நிதி குறைந்த கல்லூரிகளில் சீன மொழி கற்க இதுவே வாய்ப்பளித்தது என்றும் ஆதரவாளர்கள் வாதிட்டனர்.

மாற்றங்கள்

கன்பூசியஸ் நிறுவனம் உள்ள பல்கலைக்கழகங்களின் சீன மொழித் திட்டங்களுக்குப் பாதுகாப்புத் துறை நிதி வழங்குவதை 2018 இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தியது. அந்நாட்டில் ஏறத்தாழ 100 ஆக இருந்த நிறுவனங்கள் 2023 அளவில் ஐந்துக்கும் குறைவாயின. 2020 இல் நிர்வாகப் பொறுப்பு ஹான்பனிடமிருந்து ஓர் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. ஆப்பிரிக்கா, ஆசியா உள்ளிட்ட பகுதிகளில் இவை தொடர்ந்து இயங்குகின்றன.

மென்வலுவின் பெரும்பகுதி அரசிடமிருந்தன்றி, தனிமனிதர்களிடமிருந்தும் குடிமைச் சமூகத்திடமிருந்தும் பிறக்கிறது என்பது நையின் கருத்து. ஒரு பண்பாட்டின் மீதுள்ள விருப்பமும், அதைப் பரப்பும் அரசின் மீதுள்ள நம்பிக்கையும் வெவ்வேறானவை என்பதற்குக் கன்பூசியஸ் நிறுவனங்களின் வரலாறு எடுத்துக்காட்டாகும்.