15 உலோகங்களுக்கு ஓர் எண்: அரிய மண் வணிகத்தில் எழும் சந்தேகங்கள்

'அரிய மண்' பற்றிய செய்தி இல்லாமல் இப்போது ஒரு வாரம் கடப்பதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் கொள்முதல் பார்ப்பவர்களும் பட்டர்வொர்த் துறைமுகத்தில் பார்வர்டிங் தொழில் செய்பவர்களும் கேட்பது ஒருவிதம். பத்திரிகை படித்துவிட்டுக் கவலைப்படும் பொதுமக்கள் கேட்பது வேறுவிதம். ஆனால் இரு தரப்பாரின் கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் இடம் ஒன்றுதான்: சுங்கப் பாரத்தில் எழுதப்படும் வகைப்பாட்டு எண்.

சந்தேகம்: ஏற்றுமதிக்குத் தடை என்றார்களே, குவாந்தானிலிருந்து மட்டும் எப்படிக் கப்பலேறுகிறது?

விளக்கம்: தடை கச்சாப் பொருளுக்குத்தான். 2023 செப்டம்பர் 11 அன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் நாடாளுமன்றத்தில் அதை அறிவித்தார். 2024 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. குவாந்தான் அருகே கெபெங்கில் இயங்கும் லைனஸ் ஆலை, மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டிலிருந்து அடர்தாதுவை வரவழைத்து, இங்கே உலோகம் உலோகமாகப் பிரித்து அனுப்புகிறது. அங்கே 2025 மே மாதம் டிஸ்புரோசியம் என்ற அரிய மண் உலோகத்தின் ஆக்சைடும் தயாரானது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று அமெரிக்காவுடன் வணிக ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் கச்சாப் பொருளுக்கான தடை தொடரும் என்றே அரசு சொன்னது. ஆக, எது கச்சா, எது பதப்படுத்தியது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சந்தேகம்: அதை எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

விளக்கம்: பாதி தூரம் சொல்லலாம். பிரஸ்ஸல்ஸில் உள்ள உலக சுங்க அமைப்பின் பட்டியலில் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. 1988 முதல் இதுதான் நடைமுறை. அதில் அரிய மண் ஒரே இடத்தில் இல்லை. எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்பதற்கேற்ப இடம் மாறுகிறது. பிரித்தெடுத்த உலோகம் 2805-இல் இருக்கிறது. ஆக்சைடு, கார்பனேட், குளோரைடு போன்ற சேர்மங்கள் 2846-இல். உலோக நிரந்தரக் காந்தமாகிவிட்டால் 8505.

தாது நிலையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஈயச் சுரங்கங்களில் வெள்ளீயத்தைப் பிரித்த பின் மிஞ்சும் கனமணலை நம் நாட்டில் 'அமாங்' என்போம். அதிலிருந்து மோனசைட்டும் கிடைக்கும், செனோடைமும் கிடைக்கும். இரண்டும் அரிய மண் தாதுக்களே. ஆனாலும் செனோடைம் 2530-க்குப் போகிறது. மோனசைட் தோரியத் தாது என்று 2612.20-இல் நிற்கிறது. எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான் அத்தியாயம்; ஒரே கொட்டகையில் பிரித்த இரண்டு மூட்டைகளுக்கு இரண்டு அத்தியாயம்!

இந்தப் பிரிவினை ஏதோ அலுவலகச் சடங்கு அல்ல. மோனசைட்டில் இருக்கும் தோரியம் கதிரியக்கம் உடையது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை அமாங்கிலிருந்து வந்த மோனசைட்டைத்தான் பயன்படுத்தியது. மிச்சமான தோரியக் கழிவை எதிர்த்து அவ்வூர் மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள். அவர்களுக்குத் துணை நின்றவை பினாங்கிலிருந்து செயல்படும் பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியாவும். வழக்குரைஞர் மீனாட்சி ராமனின் பங்கை இங்கே பலரும் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது; 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது; ஆனாலும் 1994 தொடக்கத்தில் நிறுவனமே நடையைக் கட்டியது. 2612 என்ற எண்ணைப் பார்த்ததும் சுங்க அதிகாரி 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் உரிமம் உண்டா என்று கேட்பதை, அந்த ஊரின் கதை தெரிந்தவர்கள் தொல்லை என்று சொல்லமாட்டார்கள்.

சந்தேகம்: பேராக்கின் கெனெரிங்கில் களிமண்ணிலிருந்து எடுக்கிறார்களே, அது தாதுவா, சேர்மமா?

விளக்கம்: எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஹுலு பேராக் வட்டாரத்தின் அந்த முன்னோடித் திட்டத்தில் மலையை வெட்டுவதில்லை. அம்மோனியம் சல்பேட் கரைசலை மண்ணுக்குள் செலுத்தி, களிமண்ணில் ஒட்டியிருக்கும் உலோகங்களைக் கரைத்து, கார்பனேட்டாகப் படிய வைக்கிறார்கள். ஊர் வழக்கில் அதுவும் 'மண்ணிலிருந்து வந்த கச்சாப் பொருள்'தான். பட்டியலோ வேறு கணக்குப் போடுகிறது. கழுவலாம், நொறுக்கலாம், காந்தத்தால் பிரிக்கலாம். அதுவரை 25-ஆம் அத்தியாயம். ரசாயனத்தில் கரைத்து வேறு பொருளாக்கினால் அங்கே இடமில்லை. ஆகவே பல உலோகங்கள் கலந்த அந்தக் கார்பனேட் 2846.90.

மிகத் தூய்மையாகப் பிரித்த டிஸ்புரோசியம் ஆக்சைடுக்கும் அதே 2846.90-தான். அரிய மண் உலோகங்கள் 17 என்பது பாடப்புத்தகக் கணக்கு. சீரியத்துக்கு 2846.10 என்று தனி எண் உண்டு; புரோமீதியம் கதிரியக்கம் உடையதால் 2844-க்குப் போய்விடும். மிச்சமுள்ள 15-க்கும் ஒரே ஆறிலக்க எண். மலையடிவாரத்தில் மூட்டை கட்டிய கலவையையும், பல கட்டமாகப் பிரித்து மதிப்பேற்றிய ஆக்சைடையும் உலகப் பட்டியல் ஒரே கூடையில் போடுகிறது. சீனா தன் பட்டியலில் எட்டு இலக்கம் வரை நீட்டி, முக்கிய ஆக்சைடுகளுக்கெல்லாம் தனி எண் வைத்திருக்கிறது. அதனால்தான் 2025 ஏப்ரலில் ஏழு உலோகங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதிக்க அதற்குச் சுலபமாக இருந்தது. கச்சாவை விற்கக்கூடாது என்று முடிவெடுத்த நாம், பிரிக்காத கலவை எது, பிரித்தது எது என்று நம் புள்ளிவிவரத்திலேயே தெரியும்படி எண்களைப் பிரித்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை ஏற்றுமதிக்கான கே2 சுங்கப் பாரத்தில் எழுதும் சரக்கு விவரம் உண்மையாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும். 'அரிய மண் சேர்மம்' என்று இரண்டு சொல்லில் முடிப்பது போதாது.

சந்தேகம்: மெருகேற்றும் சீரியம் பொடியை இறக்குமதி செய்கிறோம். கரைசலாக வந்தாலும் அதே எண்தானா?

விளக்கம்: கண்ணாடியையும் சிலிக்கான் வில்லையையும் மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு, தனிப் பொடியாக வந்தால் 2846.10. பொருள் 2846-இன் விவரிப்புக்குப் பொருந்திவிட்டால் ரசாயனப் பிரிவின் வேறு தலைப்புக்கு அதைக் கொண்டுபோக முடியாது. கதிரியக்கப் பொருள் போன்ற 2844, 2845 தலைப்புகள் மட்டும் அதற்கும் மேலே நிற்கும். ஆனால் படியாமல் மிதக்க வைக்கும் பொருள்களும் பிறவும் சேர்த்துப் பயன்பாட்டுக்கென்றே கலந்த கரைசல், சேர்மம் அல்ல, தயாரிப்பு. அது எந்தத் தலைப்பு என்பதைக் கலவையின் விகிதமும் வேலையும் தீர்மானிக்கும். சிகரெட் லைட்டரில் பொறி பறக்கவிடும் கல்லிலும் சீரியம்தான் பெரும்பங்கு. அந்த ஃபெர்ரோ சீரியத்துக்கு வெடிபொருள் அத்தியாயத்தில் 3606.

சந்தேகம்: விற்பவர் இன்வாய்ஸில் போட்ட எண்ணையே எழுதிவிட்டால்?

விளக்கம்: வேண்டாம். முதல் ஆறு இலக்கத்தையே அவர் தவறாகப் போட்டிருக்கலாம். அதன் பிறகு வருபவை அவர் நாட்டு இலக்கங்கள். பாரத்தை ஏஜெண்ட் நிரப்பினாலும் சரக்குக்கு உரியவர் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. சந்தேகம் இருந்தால், 1967-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 10ஏ பிரிவின்கீழ் சரக்கு வருமுன்பே வகைப்பாட்டுத் தீர்ப்பு கேட்டு சுங்கத்துறைக்கு விண்ணப்பிக்கலாம். வெறும் விளம்பரத் தாளை இணைக்காதீர்கள். ஆய்வகச் சோதனை அறிக்கை, தயாரிப்பு முறை, எதற்குப் பயன்படுகிறது என்ற விளக்கம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அறிக்கையில் ஒவ்வோர் உலோகத்தின் விழுக்காடும், தோரியம், யுரேனிய அளவும் தனித்தனியாக இருக்கட்டும்.

உலகப் பட்டியலின் அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வருகிறது. இன்று கையில் இருக்கும் எண்ணை அப்போது இன்னொரு முறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.